கேட்கும் சீட்டு, கேட்காத சீட்டு

எங்கள் நான்கு பேரில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரே வகுப்பில் படித்தவர்கள். வேலைக்குப் போன பிறகு அவரவர் வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது. பேக்கரி, டீச்சர், லிஃப்ட், கண்ணாடி. கண்ணாடி நான்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக ஊரார் பார்வையை அளந்துகொண்டிருக்கிறேன். ஆனால் சொல்ல வந்தது லிஃப்ட்டைப் பற்றி. நடுநடுவே நானும் மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நுழைக்க வேண்டிய சமயத்தில் நுழைக்காமல் இருந்துவிட்டேன், அதுதான் இங்கே விஷயமே.

லிஃப்ட் படிப்பில் சுமார். அப்பா போனதும் பத்தொன்பது வயதில் லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் இரும்பு தூக்கப் போனான். இரண்டு வருடம் தூக்கினான். மூன்றாவது வருடம் மெக்கானிக்குகளே அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். காரணம் அவன் காது. மொட்டை மாடி மோட்டார் ரூமில், நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைப்பான். பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வான். "பேரிங் போகப்போகுது. ரெண்டு மாசம் தாங்கும்" என்பான். கட்டடக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து ஏழாம் மாடிவரை படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே இவனுக்கு போன் போடுவார்கள். அந்தப் போனை எடுத்ததும் இவன் கேட்கும் முதல் கேள்வி, "படி மொத்தம் எத்தனை சார்?"

கல்யாணமும் லிஃப்ட்டால்தான் நடந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஒன்பது நாள் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாம் மாடியில் டைப்பிஸ்டாக இருந்த பெண் காலையில் ஏறும்போது ஒருமுறை, சாயங்காலம் இறங்கும்போது ஒருமுறை என்று தவறாமல் இவனைத் திட்டினாள். பத்தாம் நாள் லிஃப்ட் ஓடியது. அதற்குள் இவர்கள் விஷயம் வெகுதூரம் ஓடியிருந்தது. "வேணும்னுதான் ஒன்பது நாள் இழுத்தீங்க" என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். அவன் மறுத்ததே இல்லை. ஒரு மகள், வெளியூரில் படிக்கிறாள். அவள் அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பி வைத்ததுதான் அந்தப் பாட்டுச் சீட்டு.

இருநூறு சீட்டுகள். ஒவ்வொன்றின் முன்பக்கமும் கட்டம் கட்டமாக ஒரு குறி இருக்கும். போனைக் காட்டினால் பாட்டு ஓடும். பின்பக்கத்தில் பாட்டின் பெயரும் அது வந்த வருடமும். பின்பக்கத்தைப் பார்க்காமல், பாட்டைக் கேட்டுவிட்டு, உங்கள் முன்னால் வருட வரிசையில் இருக்கும் சீட்டுகளுக்கு நடுவே சரியான இடத்தில் வைக்க வேண்டும். எழுபத்தெட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவிலா, அதற்கு அப்புறமா? வைத்துவிட்டுத் திருப்பினால் குட்டு உடையும். சரியாக இருந்தால் சீட்டு உங்களுடையது. முதலில் பத்துச் சீட்டு சேர்த்தவர் ஜெயித்தார். குழந்தை விளையாட்டுதான், ஆனால் நாற்பத்தெட்டு வயதில் நாங்கள் அடித்துக்கொண்ட மாதிரி எந்தக் குழந்தையும் அடித்துக்கொண்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேக்கரி கடையை மூடியதும், மேலே மாவு மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் ஆட்டம். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிதான் மேஜை. யார் எழுந்தாலும் உடுப்பின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். உட்காரும் இடம் மாறாது: டீச்சர், நான், பேக்கரி, லிஃப்ட். நால்வரில் லிஃப்ட்டை யாராலும் அசைக்க முடியாது. பாட்டில் குரல் வருவதற்கு முன்பே, முதல் நாலு விநாடியில் வருடம் சொல்வான். "எப்படிடா?" என்று கேட்டால், "அந்த வருஷந்தான்டா இந்த மாதிரி டிரம் தட்டுவாங்க" என்பான். பேக்கரி கடுப்பில் சீட்டை விசிறுவான். நான் பெட்டியைத் தட்டிவிட்டு டீ கேட்பேன். நன்றாகத்தான் இருந்தது, ஒன்றரை வருடம்.

அப்புறம் ஒரு ஞாயிறு லிஃப்ட் தோற்றான். சரி, யானைக்கும் அடி சறுக்கும்தானே என்று விட்டோம். அடுத்த ஞாயிறும் தோற்றான். மூன்றாவது ஞாயிறு, "சத்தத்தைக் கூட்டுடா, போன்ல என்ன எறும்பா பாடுது?" என்று சத்தம் போட்டான். போன் ஏற்கெனவே முழுச் சத்தத்தில் இருந்தது. பேக்கரி கூட்டுவது மாதிரி பாவனை செய்தான். லிஃப்ட் தலையைச் சாய்த்துக் கேட்டு, சீட்டைக் கொண்டுபோய் இருபது வருடம் தள்ளி வைத்தான். திருப்பிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. 

நான்காவது ஞாயிறு அவன் வரவில்லை. முட்டி வலியாம். நானும் டீச்சரும் அவன் வீட்டுக்குப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை, பேப்பர் மடித்தபடி கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்துகூட வரவில்லை. "இனிமே வரலடா. அது சின்னப்பசங்க ஆட்டம். சலிச்சுப்போச்சு" என்றான். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல இருந்தது. அவன் மனைவி வாசல்வரை வந்து, "வீட்லயும் இப்படித்தான் அண்ணே. பேச்சே இல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னாலே பெரிசு" என்றாள்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் நடுரோட்டில் நின்றுவிட்டாள். கணக்கு டீச்சர், எதைப் பார்த்தாலும் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. "கவனிச்சியா? அவன் தோத்ததெல்லாம் புல்லாங்குழல், வயலின், மெல்லிசாப் பாடற பொம்பளைக் குரல். தாளத்துல ஆரம்பிக்கற பாட்டு ஒண்ணுகூட அவன் விடல" என்றாள்.

அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், இரண்டெழுத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். காது. இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அப்போ தாளத்துல ஆரம்பிக்கற பாட்டா அவனுக்குக் குடுத்துட்டா?" என்று கேட்டேன். யோசனை என்னுடையதுதான். டீச்சர் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூவரும் மாவு அறையில் உட்கார்ந்து இருநூறு பாட்டையும் போட்டுக் கேட்டோம். டீச்சர் இரண்டு கட்டாகப் பிரித்தாள். கேட்கும் சீட்டு, கேட்காத சீட்டு. கேட்காதது முப்பத்தெட்டு வந்தது. ஆட்டத்தில் நாங்கள் முறை வைத்து எடுப்பதால் ஒவ்வொரு நாலாவது சீட்டும் லிஃப்ட்டுக்குப் போகும். அந்த நாலாவது இடத்தில் எல்லாம் கேட்கும் சீட்டாகச் செருகி டீச்சர் கட்டை அடுக்குவாள். பேக்கரி அதைக் கலைப்பதுபோல் கலைக்காமல் கலைக்கப் பழகிக்கொண்டான். மாவு பிசைந்த கை, அதற்கு இது எம்மாத்திரம். மூன்று பேரும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பரீட்சைத் தாள் திருடப் போகும் பிள்ளைகள் மாதிரி குதூகலமாக இருந்தது.

அவனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தோம். வேண்டாவெறுப்பாக வந்தான். முதல் சீட்டு சரி. இரண்டாவது சரி. ஐந்தாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்தாவது சீட்டை வைத்துத் திருப்பியதும், "என்னடா, மாவுல தண்ணி ஊத்திட்டு நிக்கறவன் மாதிரி முழிக்கற?" என்று பேக்கரியைப் பார்த்துக் கேட்டான். பழைய லிஃப்ட் வந்துவிட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், என் மகன் பாஸானபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அப்புறம் வாராவாரம் ஜெயித்தான். ஒவ்வொரு வாரமும் ஜெயித்தால் சந்தேகம் வருமே என்று டீச்சர் கணக்குப் போட்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை அவனை ஒரே ஒரு சீட்டு வித்தியாசத்தில் தோற்கடிப்பாள். ஜெயித்த வாரம் வீட்டில் பேசுவானாம். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறைசொல்வானாம். அவன் மனைவிக்கு அந்தக் குறையே பெரிய நிம்மதி.

மூன்றாவது மாதம் அவள் என் கடைக்கு வந்தாள். கண்ணாடியின் மூக்குப் பட்டை மாற்ற என்று சாக்கு. மாற்றிக் கொடுத்த பிறகும் போகவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவருக்கு நல்லா கேக்குதா?"

"ஏம்மா?"

"சமையல்கட்டுல இருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. பொண்ணு போன் பண்ணினா என்கிட்ட குடுத்துடறாரு. டாக்டர்கிட்ட போலாம்னா பாய்றாரு. 'இருநூறு பாட்டையும் கேட்டு வருஷம் சொல்றேன், எனக்கா காது கேக்கல? கண்ணாடியைக் கேளு'ங்கறாரு. அதான் கேக்க வந்தேன்."

கையில் துடைக்கும் துணி இருந்தது. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன். "எங்க மூணு பேரைவிட அவனுக்கு நல்லா கேக்குதும்மா. உன் பேச்சைக் கேக்காம இருக்கறது எல்லாப் புருஷனுக்கும் உள்ள வியாதிதான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பாரம் இறங்கின சிரிப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனாள்.

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பார்வை அளக்க வருகிறவர்களில் சிலர் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். டிரைவர் வேலைக்குச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும். நான் கண்டுபிடித்துவிடுவேன். பலகையைத் திருப்பிப் போட்டு, "யாரை ஏமாத்தறீங்க? ரோட்டுல லாரி உங்களுக்குப் பலகை காட்டிட்டா வரும்?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். அப்படிப்பட்ட யோக்கியன் நான். லிஃப்ட்டுக்கு மட்டும் பெரிய எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டுகள் மாறிக்கொண்டே வந்தன. ஆட்டத்தின்போது நாங்கள் பாட்டைக் கவனிக்கவில்லை, அவன் முகத்தைத்தான் கவனித்தோம். ஒரு சீட்டுக்கு அவன் புருவம் சுருங்கினால் டீச்சர் என்னைப் பார்ப்பாள். அடுத்த வாரம் அந்தச் சீட்டு கேட்காத கட்டுக்குப் போய்விடும். முப்பத்தெட்டு என்பது அறுபதானது. அறுபது நூறானது. ஐந்தாம் மாதம் ஆண் குரலும் போனது, வெறும் தாளம் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து எடுக்கும் அளவைவிடத் துல்லியமாக எங்களிடம் அளவு இருந்தது. வாரவாரியாக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னைக்கு ஆறு போச்சு" என்று டீச்சர் சொல்வாள். "ம்" என்போம். ஆரம்பத்தில் இருந்த சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கட்டத்துக்குமேல் பயம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லை என்று தோன்றுமே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

ஆறாம் மாதம் அவன் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட்டோடு அதே கம்பெனியில் வேலை, இரண்டு பேரும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று ரோலரும் கயிறும் பார்ப்பார், மற்றவர் கீழே இருந்து பெட்டியை நகர்த்துவார். நகர்த்துவதற்கு முன் கீழே இருப்பவர் கத்த வேண்டும், மேலே இருப்பவர் அதையே திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிச் சொல்லாமல் நகர்த்தக் கூடாது.

"மாமா திருப்பிச் சொல்றதே இல்லண்ணே. எதுக்கும் 'சரி'தான். 'மேல எடுக்கறேன்'னாலும் 'சரி', 'கீழ எடுக்கறேன்'னாலும் 'சரி'. நேத்து சோதிச்சுப் பாத்தேன். 'மாமா, உங்க தலையில தீப்புடிச்சு எரியுது'ன்னு கத்தினேன்."

"என்ன சொன்னான்?"

"'சரி'ன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் கடை வாசலில் நின்று சிரித்தோம். பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரை அடுத்த வாரம் கம்பெனில சொல்லி மேல ஏத்தாம பண்ணிடவா? காது டெஸ்டுக்கு அனுப்புவாங்க. வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க" என்றான்.

இந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "மோட்டார் சத்தத்துல யாருக்குடா கேக்கும்? ஞாயித்துக்கிழமை வந்து பாரு, எங்களைத் தோலுரிக்கறான். மேல நீ நில்லு, அவன் கீழ இருக்கட்டும். போதும்" என்று அனுப்பிவிட்டேன். மச்சானை மேலே வைத்து லிஃப்ட்டைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு. கேட்கும் கட்டில் பதினேழு சீட்டுதான் மிச்சம். போன வாரச் சீட்டே இந்த வாரமும் அவனுக்கு வந்தது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. அவன் முறை வந்தது. பேக்கரி போனைச் சீட்டின் மேல் பிடித்தான். போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துபோய்க் கருப்பாகக் கிடந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை, கீழே தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடியது மட்டும் கேட்டது.

நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்ட் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். விரலால் பெட்டி மேல் தாளம் தட்டினான். உதட்டைக் குவித்து மெல்ல முணுமுணுத்தான். பிறகு, "இது தெரியாதா? தொண்ணூத்தி ரெண்டு" என்று சீட்டைக் கொண்டுபோய் வைத்தான்.

சீட்டைத் திருப்பினான். அறுபத்தொன்பது.

அவன் குனிந்து படிப்பதற்குள் பேக்கரி கையைப் போட்டுச் சீட்டை எடுத்துவிட்டான். "சரியா வச்சுட்டான் பாவி!" என்று கத்தி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லிஃப்ட் எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவன் சிரித்தான். மிச்ச ஆட்டத்தை டீச்சரின் போனில் ஓட்டினோம், ஆறு சீட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

படியிறங்கும்போது டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்லாத பாட்டுக்குத் தாளம் போட்டான்டா" என்றாள்.  வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், படுத்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் எனக்கே கேவலமாக இருந்தது.

மறுநாள் அவன் மனைவிக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்ட காட்டிடலாம்மா. நானும் கூட வரேன், நான் சொன்னா வருவான்" என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். "ஒரு சந்தேகம்தான்" என்றேன். 

நான் கூப்பிட்டதும் வந்துவிட்டான். "உனக்காக வரேன். ஒண்ணுமில்லன்னு அந்த ஆளே எழுதிக் குடுத்துட்டா இவ வாயை அடைக்கலாம்" என்று ஆஸ்பத்திரி வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே நின்று பார்த்தோம். அவன் வெகுநேரம் பொத்தானை அழுத்தவே இல்லை. இடையிடையே எங்களைப் பார்த்து, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதுபோல் கையை விரித்துக் காட்டினான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. சோதனை வரைபடத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம்தான் முதலில் பேசினார். "ரெண்டு காதும் போயிருக்கு. சிலருக்கு அபூர்வமா வரும். உடம்பே உள்காதைப் பகையா நினைச்சு அழிக்கும். சீக்கிரம் பிடிச்சா மருந்து குடுத்து நிறுத்தலாம், ஓரளவு திரும்பக்கூட வரும். கடுமையான மருந்து, எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். பலன் இருக்கும்னா குடுக்கலாம். எப்ப ஆரம்பிச்சுது, அதுதான் முக்கியம்."

அதையே பெரிய எழுத்தில் எழுதி லிஃப்ட்டிடம் காட்டினார். எப்போது ஆரம்பித்தது?

"ஒரு மாசம் இருக்கும் சார்" என்று அவன் உரக்கச் சொன்னான். "அதுவும் பேச்சு மட்டுந்தான் கொஞ்சம் மந்தம். பாட்டெல்லாம் சுத்தமா கேக்குது. முந்தாநாள் ஞாயித்துக்கிழமை ஆறு சீட்டுல ஜெயிச்சேன். இவன் கூடவேதான் இருந்தான், இவனைக் கேளுங்க."

ஒரு மாதம் என்றதும் டாக்டரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மருந்துச் சீட்டை இழுத்து ஏதோ இரண்டு வரி எழுதினார். எழுதிக்கொண்டே, "அப்படியா?" என்று என்னைப் பார்த்தார்.

"எட்டு மாசம் டாக்டர்" என்றேன். "ஒன்பதுகூட இருக்கும். அவனுக்குத் தெரியாது. கேக்கற பாட்டா நாங்க பொறுக்கிக் குடுத்தோம். முதல்ல நூத்தி அறுபத்திரெண்டு பாட்டு கேட்டுச்சு. இப்ப பதினேழு. அதுவும் கேக்குதான்னு தெரியல."

லிஃப்ட் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் டாக்டரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். "சொன்னான் பாத்தீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க சார்."

அவன் மனைவி மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து மடியில் வைத்தாள். "மூணாவது மாசம் வந்திருந்தா டாக்டர்?" என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மூணாவது மாசம்னா நிச்சயமா முயற்சி பண்ணியிருப்பேன்மா" என்றார் அவர். பிறகு எழுதின இரண்டு வரிகளையும் அடித்தார். கோணலாகக் கூட இல்லை, அளவுகோல் வைத்த மாதிரி நேராக அடித்தார்.

அது அவனுக்குத் தெரிந்தது. பேனாவையே பார்த்தான். "ஏன்டா அடிக்கறாரு? மருந்து வேண்டாமா? நல்லதுதானே?" என்றான். யாரும் வாயைத் திறக்காததைப் பார்த்து, "நீ என்னடா சொன்ன?" என்று என் கையைப் பிடித்தான்.

டாக்டர் வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கடையில் எல்லாரும் மெச்சுவார்கள். எட்டு மாதம் என்று எழுதினேன். இரண்டு கட்டு என்று எழுதினேன். நாலாவது சீட்டு, பேக்கரி கலைப்பது, போன் அணைந்தது, உன் மனைவி கேட்டது, உன் மச்சான் கேட்டது, நான் சொன்ன பதில். மன்னித்துவிடு என்று எழுதப்போய் நிறுத்தினேன். தாளை நகர்த்தினேன்.

அவன் விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தான். கோபப்படுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் மனைவி அவன் தோளில் கை வைத்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"எட்டு மாசத்துல ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கலையா?"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டான். இதற்கு எழுத வேண்டியிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.